பூச்சந்தைக்கு ரெண்டரை மணிக்கு எழும்புறேன், ஓடப்போக மட்டும் முடியல. சொந்த வாக்கை எப்படிக் காப்பாத்துறீங்க?

தோவாளை_பிச்சி | இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிச்சுக்கிட்டு இருக்கேன். எழுத்துத் தேர்வுல பெரிய பயம் இல்ல. உடல்திறன்ல 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள ஓடணும். எனக்கு இப்போ 7.40 ஆகுது.

அப்பாவுக்குத் தோவாளை சந்தையில கமிஷன் கடை. பூ மூட்டை இறங்குற நேரத்துக்கு நான் அங்க நிக்கணும். மழையோ காய்ச்சலோ தவறினது கிடையாது. ஓணம் சமயத்துல கேரளா வண்டிங்க வரிசை கட்டி நிக்கும், ராத்திரி தூக்கமே இருக்காது, அப்பவும் தராசு பக்கத்துல நான்தான். ஆனா "சாயங்காலம் 5 மணிக்கு ஓடணும்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டா, நாலு மணிக்கே உடம்பு ஒரு சாக்கு கண்டுபிடிச்சிருது. ஒருநாள் முட்டி வலி, ஒருநாள் வெயில், ஒருநாள் மேகம்!

ஒரு கூட்டாளி, "ஸ்டேட்டஸ்ல போட்டு விடு, நாலு பேரு கேட்டா வெக்கத்துலயாவது ஓடுவ"ங்கான். இன்னொருத்தன், "யாருட்டயும் மூச்சு விடாத, சொன்னா நடக்காது"ங்கான். எது சரி? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

சும்மா_வந்தேன் | இரவு 9.20

ரெண்டும் வேண்டாம். ஷூவை மாட்டு, ஓடு. முடிஞ்சுது. இழையைப் பூட்டிரலாம்.

குளச்சல்_கரை | இரவு 9.41

அண்ணே, ஷூவை மாட்டத் தெரியாமயா அவன் கேக்கான்?

தம்பி, எங்க கடற்கரையில ஒண்ணு பாத்திருக்கேன். தவக்காலம் 40 நாளும் குடிய தொடாத ஆளுங்க நெறைய உண்டு. வருஷம் பூரா தள்ளாடுற மனுசன் சாம்பல் புதன்ல நிறுத்தினா நிறுத்தினதுதான். வள்ளத்துல இருந்து வலையை இறக்கி வச்சுட்டு கூட்டாளிங்க பாட்டிலத் தொறந்தாலும் எழும்பிப் போயிருவாரு. ஈஸ்டர் அன்னைக்கு மத்தியானம் பழைய கதைதான். ஆளும் அதே ஆளு, மனசும் அதே மனசு. அப்போ அந்த 40 நாள் மட்டும் எப்படி நிக்குது? தொடங்குற தேதி, முடியுற தேதி ரெண்டும் தெரியும், "தவக்காலம்"னு ஒரு வார்த்தை சொன்னா யாரும் வற்புறுத்த மாட்டாங்க. ஈஸ்டருக்குப் பொறவு அவருகிட்ட மறுக்கச் சொல் இல்ல.

ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போகக்கூடாதுங்கிறதும் அப்படித்தான். சனி ராத்திரி "போவமா வேண்டாமா"ன்னு எவனும் யோசிக்கிறது இல்ல. ஊரே முடிவு பண்ணி வச்சிருக்கு. நீ தினமும் 4 மணிக்கு உனக்குள்ள ஒரு பஞ்சாயத்து கூட்டுற, அதுலதான் தோக்குற.

புள்ளிவிவரம் | இரவு 10.35

குளச்சல்காரர் சொன்ன "பஞ்சாயத்து" விஷயத்தை உளவியல்காரர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நாகர்கோவிலில் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவரும் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பவேண்டும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். விடுமுறை, வீட்டில் கூட்டம், அந்த நேரத்தில் யார் உட்கார்ந்து எழுதுவார்? பாதிப் பேரிடம் மட்டும், எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். குறித்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சொன்ன கெடுவில் எழுதினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒருவர்தான். எழுதவேண்டும் என்ற ஆசை இரண்டு கூட்டத்துக்கும் உண்டு. வேறுபாடு அந்த "எங்கே, எப்போது" மட்டும்.

தம்பியின் கேள்வி, ஊருக்குச் சொல்லலாமா? இதே கோல்விட்சர் 2009-இல் சட்டம் படிக்கும் மாணவர்களை வைத்துப் பார்த்தார். நல்ல வழக்கறிஞர் ஆவதற்காக இன்னின்னது செய்வேன் என்று எழுதியதை இன்னொருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டால், அந்த மாணவர்கள் அதற்கான வேலையில் பிறகு குறைவான நேரம்தான் செலவிட்டார்கள். பாராட்டு முன்பணமாக வந்துவிடுகிறது. ஆகவே "நான் போலீஸ் ஆகப்போகிறேன்" என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள். லைக் வரும், அத்தோடு வயிறு நிறைந்துவிடும். ஆனால் "வியாழக்கிழமை 5 மணிக்கு இந்த மைதானத்தில் இருப்பேன், வந்து பார்" என்று ஒரே ஒருவரிடம் சொல்வது வேறு வகை. அதில் பாராட்ட எதுவும் இல்லை, வராவிட்டால் கேட்க மட்டும்தான் இருக்கிறது. இந்தக் கடைசி இரண்டு வரி ஆய்வு சொன்னதல்ல, என் கணிப்பு.

சும்மா_வந்தேன் | இரவு 10.41

ஜெர்மன்காரன் கிறிஸ்துமஸ் கட்டுரைக்கும் தோவாளை வெயிலுக்கும் என்ன சார் சம்பந்தம்? பணம் போகும்னு பயம் வந்தா எவனும் ஓடுவான். கூட்டாளிகிட்ட 5000 ரூபாய் குடுத்து வை. ஓடலைன்னா அவனுக்கு.

புள்ளிவிவரம் | இரவு 10.58

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள்! பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் புகைப்பதை விட நினைத்தவர்களுக்கு ஒரு வங்கிக்கணக்கு. 6 மாதம் பணம் போட்டு வரவேண்டும், முடிவில் சிறுநீர்ச் சோதனையில் நிகோட்டின் இருந்தால் போட்ட பணம் தர்மத்துக்கு. 2010-இல் முடிவு வெளியானது. கணக்கு தொடங்க முன்வந்தவர்கள் 11 சதவீதம்தான். அந்த வாய்ப்பு தரப்பட்ட கூட்டத்தில், தரப்படாதவர்களைவிட நூற்றுக்கு 3 பேர் கூடுதலாக விட்டிருந்தார்கள். ஒரு வருடம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் சோதித்தபோதும் வித்தியாசம் நின்றது. ஆக, நண்பர் சொல்வது வேலை செய்யும். ஆனால் நூற்றில் 89 பேர் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.

சும்மா_வந்தேன் | இரவு 11.02

நானும் போகமாட்டேன், சொன்னது அவனுக்குத்தான்.

குலசேகரம்_கத்தி | பகல் 12.20

இப்பதான் பாத்தேன். ரப்பர் வெட்டு கழிஞ்சு, பால் எடுத்து, ஆசிட் விட்டு ஒறைய வச்சுட்டு வாறேன்.

தம்பி, நானும் ரெண்டு மணிக்கு எழும்புற ஆளுதான். மூணு மணிக்கு நெத்தியில லைட்டைக் கெட்டிட்டு மரத்துக்க மூட்டுல நிப்பேன். பாக்கவிய "என்ன ஒரு மன உறுதி"ம்பாவ. ஒரு உறுதியும் இல்ல கேட்டியா. ராத்திரி பூரா மரம் தண்ணி இழுத்து நெறஞ்சு நிக்கும். அந்த நேரம் கத்தி வச்சா பால் சிரட்டையில சொட்டு சொட்டா நல்லா விழும். வெயில் ஏறினா இலை வழியா தண்ணி போவும், உள்ள அழுத்தம் கொறையும், பால் சட்டுன்னு நின்னுரும். நேரம் வைக்கது மரம். நான் போறது அதுக்க பொறத்தால.

உனக்க பூச்சந்தையும் அதுதான். மூட்டை வந்து விழுது, வண்டிக்காரன் ஆரன் அடிக்கான், அப்பா கூப்பிடுதாரு. சாயங்காலம் 5 மணிக்கு உனக்கு என்ன வருது? ஒண்ணும் வரல்ல. வெறும் மணி அஞ்சு. அதுக்கு ஆரு எழும்புவா? அந்த நேரத்துக்கு ஏதாவது ஒண்ணு வந்து நிக்கபடி பாரு.

பொறவு ஒண்ணு. தினமும் ஓடுவேன்னு வச்சிருக்கியா? புதுசா வெட்டுக்கு வாற பயலுவ அப்படித்தான் நெனப்பானுவ, நெதமும் வெட்டினா ரெட்டிப்பு பால் கிட்டும்னு. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டணும். ஒரு தடவைக்கு சீவுற பட்டை ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினா ஒன்றரை. ஆழமாப் போனா தடியில காயம் பட்டு அந்த இடம் முண்டு முண்டா வளரும், அடுத்த முறை அங்க கத்தி ஓடாது. ஓயாம வெட்டினா பட்டை மரச்சுப் போவும், பொறவு எவ்வளவு கீறினாலும் வறட்டுப் பட்டைதான். இலை உதிருற மாசத்துல கத்தியே தொட மாட்டோம். அதுக்கு யாரும் மடியன்னு சொல்ல மாட்டாவ. உடம்பும் அதுதான்.

நான் எனக்குன்னு வச்சிருக்க ஒரே வாக்கு, வேலை கழிஞ்சு வந்த உடனே கத்தியைத் தீட்டி வச்சிருவேன், சாயா குடிக்கதுக்கு முந்தி. மறுநாள் இருட்டுல போயி மொட்டைக் கத்தியைத் தடவிட்டு நின்னா "இன்னைக்கு வேண்டாம்"னு தோணிரும்.

வேளிமலை_விசில் | மாலை 4.05

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். குலசேகரம் அண்ணாச்சி சொன்னது பயிற்சி விதியேதான். தம்பி, தினமும் 1500-ஐ முழுமூச்சில் ஓடிப் பார்த்து, தினமும் 7.40 என்று பார்த்து, தினமும் மனம் உடைகிறாய் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் நானும் வீட்டில்தான் இருப்பேன்.

கணக்கைப் பார். 1500 மீட்டர் 7 நிமிடம் என்றால் 100 மீட்டருக்கு 28 விநாடி. 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி, அப்படி மூன்றே முக்கால் சுற்று. இதுதான் உன் எதிரி, பெரிய பூதம் ஒன்றும் இல்லை. நீ இப்போது சுற்றுக்கு 2 நிமிடம் 3 விநாடி போல ஓடுகிறாய். சுற்றுக்கு 11 விநாடி வித்தியாசம்.

வாரம் மூன்று நாள் போதும். ஒருநாள் ஒவ்வொரு 400-ஐயும் 1.48-க்குள் ஓடி, 2 நிமிடம் நடந்து, மறுபடி ஓடு. நான்கில் தொடங்கி ஆறுக்குப் போகலாம். ஒருநாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அரை மணி நேரம். சங்குத்துறை பக்கம் போனால் கரையோர ஈரமணலில் ஓடு, காய்ந்த மணலில் வேண்டாம், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது நாள் குட்டி ஓட்டங்களும் வயிறு, இடுப்புக்கான பயிற்சியும். முழு 1500-ஐ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் நேரம் பார். ராத்திரி ரெண்டரைக்கு எழும்புகிறவன் பகலில் தூங்கியே ஆகவேண்டும். ஓட்டத்துக்கு ஒதுக்குவதைவிட தூக்கத்துக்கு ஒதுக்கும் வாக்குதான் உனக்கு முதலில் வேண்டும்.

கருங்கல்_புத்தகம் | இரவு 8.47

எல்லாரும் நல்லா சொல்றீங்க. ஆனா பக்கத்து இழையில "4 மணிக்கு எழும்பினால் வெற்றி"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருந்தாரு, அதைப் படிச்சு எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. எங்க வீட்டுல நான் 4 மணிக்கு எழும்பினா அது படிக்கிற நேரம் கிடையாது. "எழும்பிட்டியா மக்ளே, அப்ப அந்தச் சட்னிய அரைச்சிரு." அதிகாலை அமைதியெல்லாம் யாராவது சாயா போட்டுக் கையில குடுக்குற ஆம்பளைக்குத்தான். நம்ம நேரம் நம்ம கையில இருக்கவங்களுக்கு வாக்கு குடுக்குறது லேசு.

நான் குரூப் 4-க்குப் படிக்கிறேன். 200 கேள்வி, 3 மணி நேரம், அதுல 100 தமிழ். வீட்டுல எனக்குன்னு ஒரு மணி நேரம் கேட்டுச் சண்டை போட்டுப் பாத்துட்டு விட்டுட்டேன். நாகர்கோவில்ல ஒரு கடையில வேலை. கருங்கல்ல டவுன் பஸ் ஏறினதும் டிரைவர் பின்னாடி ஜன்னலோரம் உக்காருவேன், திங்கள்நகர் வர்ற வரைக்கும் பழைய வினாத்தாள்ல 20 கேள்வி. திங்கள்நகர்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஏறி மடியில பை வச்சிருவாங்க, புத்தகத்தை மூடிருவேன். மிச்ச தூரம் தப்பானதை மட்டும் மனசுல ஓட்டிப் பாப்பேன். கண்டக்டர் கிழிச்சுக் குடுக்குற மகளிர் இலவசச் சீட்டைத்தான் பக்கத்துக்கு அடையாளமா வச்சிருக்கேன், புத்தகம் பூரா அதுதான் கெடக்கு.

குலசேகரம் அண்ணன் சொன்ன மாதிரி, எனக்கு பஸ் வந்து நிக்குது. மனசைப் பத்தி நான் யோசிக்கிறதே இல்ல.

ஒரு சந்தேகம் மட்டும். பஸ் ஸ்டிரைக் அன்னைக்கும், பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்த வாரத்துலயும் படிக்கல. அதுக்கப்புறம் திரும்ப ஆரம்பிக்கத்தான் கஷ்டமா இருந்துச்சு. விட்ட நாளை ஈடுகட்ட 40 கேள்வி போடணுமா?

புள்ளிவிவரம் | இரவு 9.30

வேண்டாம். லண்டனில் 96 பேரை வைத்து பிலிப்பா லாலி என்பவர் செய்த ஆய்வு உண்டு. சாப்பாட்டோடு ஒரு பழம், காலை உணவுக்குப் பின் நடை என்று ஆளுக்கொரு சின்னப் பழக்கம். அது தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கிட்டார்கள். "21 நாளில் பழக்கம்" என்று மேடையில் சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். உங்களுக்கான செய்தி வேறு: இடையில் ஒருநாள் விட்டுப்போனது முடிவைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஈடுகட்டுகிறேன் என்று 40-ஐ வைத்தால் அது தண்டனையாகிவிடும். பஸ் ஏறினால் 20, அவ்வளவே.

அதிகாலையைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரி. நான் காலையில் எழுந்து நடக்கப் போகும்போது அடுப்படியில் விளக்கு எரிகிறது, அதை யார் ஏற்றினார் என்று உங்கள் பதிவைப் படித்தபின்தான் யோசிக்கிறேன்.

சிவாலய_விசிறி | இரவு 10.10

கூட ஓட ஆள் இருந்தா எல்லாம் நடக்கும். சிவராத்திரிக்கு மாலை போட்டு ஒரு வாரம் விரதம் இருந்து, முஞ்சிறை திருமலையில கிளம்பி திருநட்டாலம் வரைக்கும் 12 கோயிலும் ஓடுவோம். நூறு கிலோமீட்டருக்கு மேல. கையில பனையோலை விசிறி, இடுப்புல திருநீற்றுப் பை. திக்குறிச்சி, திற்பரப்பு வரைக்கும் விளையாட்டா இருக்கும். பொன்மனை தாண்டி பன்னிப்பாகம் போறதுக்குள்ள உள்ளங்கால் பொத்துரும். அப்ப முன்னால ஒருத்தன் "கோவிந்தா"ம்பான், நம்ம வாய் தானா "கோபாலா"ங்கும், கால் தானா போகும். தனியா வந்திருந்தா கல்குளத்துலயே பஸ் ஏறிருப்பேன். ஸ்டேட்டஸ் வேண்டாம் தம்பி, கூட ஓட ஒருத்தனைப் பிடி.

சும்மா_வந்தேன் | இரவு 10.16

மறுநாள் பால் வாங்க தெருமுனைக்கு பைக் எடுக்குறதும் நீங்கதானே?

சிவாலய_விசிறி | இரவு 10.19

ஆமா. அதுக்கென்ன? பால் வாங்க யாரு "கோவிந்தா" சொல்றா?

ஷிப்டு_அக்கா | இரவு 11.50

ஜோடி வைக்கிறதுல ஒரு சிக்கல், அவன் வரலைன்னா உனக்கும் லீவு. நான் நர்ஸ், ராத்திரி டூட்டி, பகல் டூட்டின்னு வாரத்துக்கு வாரம் மாறும். எனக்கு "6 மணிக்கு" என்கிற பேச்சே சரிப்படாது. "டூட்டி முடிச்சு யூனிபார்ம் மாத்துறதுக்கு முன்னாடி" என்கிறது சரிப்பட்டுச்சு. கடிகாரத்தோட கட்டாம ஒரு செயலோட கட்டு. அது எப்பவும் வரும்.

இன்னொண்ணு, உடம்பு உண்மையிலேயே முடியாத நாள் எதுன்னு முன்னாடியே எழுதி வை. காய்ச்சல், வாந்தி, மூட்டு வீக்கம். அந்தப் பட்டியல்ல இல்லாதது எல்லாம் சாக்கு. நாலு மணிக்குப் பட்டியல் போட்டா மேகமும் அதுல சேரும்.

தோவாளை_பிச்சி | மறுநாள் மாலை 3.30

எல்லாருக்கும் நன்றி. விசில் சார், நீங்க சொன்னது சரி, தினமும் முழு ஓட்டம்தான் ஓடிப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

இப்படி யோசிச்சிருக்கேன். தங்கச்சி டியூஷன் 5 மணிக்கு முடியும், கூட்டிட்டு வர வேண்டியது நான்தான். வழியிலதான் பள்ளிக்கூட மைதானம். செவ்வாய், வியாழன், சனி வீட்டுல இருந்து கிளம்பும்போதே ஷூ போட்டுக்குவேன், அவளை ஏத்திட்டு நேரா மைதானம். அவ போன்ல நேரம் பிடிப்பா. அவளுக்கு ஓட்டத்துக்கு ஒரு பப்ஸ்னு பேச்சு, அதனால மறக்க விடமாட்டா. முகூர்த்த நாளும் ஓணச் சீசனும் காலண்டர்ல முதல்லயே அடிச்சுட்டேன், அன்னைக்கு ஓட்டம் கிடையாது. ஸ்டேட்டஸ் போடல. அப்பாகிட்ட மட்டும் சொன்னேன், "கடைக்கு எழும்புறதுல கொறை வராம பாத்துக்க"ன்னாரு.

மத்தியானம் 12 முதல் 3 தூக்கம், இப்பதான் எழும்பி எழுதுறேன்.

குலசேகரம்_கத்தி | மாலை 5.15

மழைக்கு என்ன வச்சிருக்க? நம்ம ஊருல ரெண்டு பருவத்துக்கும் மழை உண்டு. நாங்க மரத்துக்கு பிளாஸ்டிக் பாவாடை கெட்டிருவோம். நீ சனிக்கிழமை மழைன்னா ஞாயிறு ஓடுவியா, விட்டுருவியா? இன்னைக்கே முடிவு பண்ணிரு.

தோவாளை_பிச்சி | இரவு 7.02

தூறல்னா ஓட்டம். மைதானத்துல தண்ணி கெட்டினா வீட்டுத் திண்ணையில சாரோட வயித்துப் பயிற்சி. அடுத்த நாளுக்குத் தள்ள மாட்டேன் அண்ணே.

கருங்கல்_புத்தகம் | இரவு 7.40

தங்கச்சிக்கு ரெண்டு பப்ஸா குடு தம்பி. மைதானத்துல ஒத்தையில நிக்கிற புள்ள. அவளையும் ஒரு சுத்து ஓடச் சொல்லு, போலீஸ் தேர்வுல பொம்பளைப் பிள்ளைங்களுக்கு 400 மீட்டர்தான்.

வேளிமலை_விசில் | இரவு 8.11

நல்ல யோசனை, பெண்களுக்கு 400 மீட்டர் 2 நிமிடம் 30 விநாடி. தம்பி, தங்கச்சியிடம் மொத்த நேரத்தை மட்டும் பிடிக்கச் சொல்லாதே. ஒவ்வொரு சுற்றும் கோட்டைத் தாண்டும்போது தனித்தனியாகக் குறிக்கச் சொல். போனில் அதற்குப் பொத்தான் உண்டு. முதல் சுற்றை 1.40-க்கு ஓடிவிட்டு மூன்றாவதில் செத்துப்போகிற பையன்கள்தான் அதிகம், உனக்கும் அதுவாக இருக்கலாம் என்று சந்தேகம். சனிக்கிழமை ஓடியதும் நான்கு எண்ணையும் இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.